செந்நிறம் தீட்டிய அடிகுழாய்

பாஷாணம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே நம் மனத்தில் எழுவது, பாலிலோ பாயசத்திலோ ஒரு சிட்டிகை கலந்து கொடுத்தால் விடிவதற்குள் ஆளை முடித்துவிடும் ஒரு கொடிய வஸ்துவின் நினைவே. நம்முடைய வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்றும், அரிதாரம் என்றும், மனோசிலை என்றும் பெயரிட்டு வழங்கிய பொருள்கள் யாவும் ஆர்சனிக் என்னும் ஒரே மூலகம் பிராணவாயுவோடும் கந்தகத்தோடும் கூடி எடுத்த வெவ்வேறு ரூபங்களாம். அவற்றுள் மஞ்சளாகப் பளபளக்கும் அரிதாரத்தை அந்நாளில் கூத்தாடுவோர் முகத்தில் பூசிக்கொண்டார்கள். அந்தப் பொருள் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகியும், நடிகர்களின் முகப்பூச்சுக்கு அரிதாரம் என்ற பெயர் மட்டும் நம் மொழியில் நின்றுவிட்டது. ஆகவே, ஆர்சனிக் தமிழருக்குப் புதிய அறிமுகம் அன்று.

ஆனால் இந்த அத்தியாயத்தில் நாம் பேசப்போகும் ஆர்சனிக், ஒருவர் மற்றொருவருக்குப் பகை கருதிக் கொடுத்தது அன்று. வெண்பொடியாகக் கண்ணுக்குத் தெரிவதும் அன்று. கங்கையும் பிரமபுத்திராவும் மேகனாவும் ஒன்றுகூடிக் கடலில் கலக்கும் வங்கச் சமவெளியிலே, அடிகுழாயின் கைப்பிடியை நாலு தரம் அழுத்தியவுடன் பூமியின் வயிற்றிலிருந்து குளிர்ந்து தெளிந்து வருகிற குடிதண்ணீரில் அது கரைந்திருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. வடிகட்டும் துணியில் அது தங்குவதில்லை. காய்ச்சினால் கிருமிகள் சாகும். ஆர்சனிக்கோ, நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் முன்னிலும் செறிவாக நிற்கும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று கேட்பீர்களானால், உலக சுகாதார ஸ்தாபனம் இப்போது வகுத்திருக்கும் எல்லை, ஒரு லிட்டர் நீருக்கு 10 மைக்ரோகிராம். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பத்தை வரிசையாக நிறுத்தி, அத்தனை நீருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் ஆர்சனிக்கைக் கரைத்தோமானால், அந்த எல்லையை எட்டிவிடுவோம். 1958-ஆம் ஆண்டில் இதே ஸ்தாபனம் 200 மைக்ரோகிராம் வரை பொறுக்கலாம் என்றது. 1963-இல் அதை 50 ஆக்கிற்று. 1993-இல் 10 ஆக்கிற்று. ஆராய்ச்சி வளர வளர எல்லை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியது என்றால், அதற்கு முன்பு பாதுகாப்பானது என்று நம்பிக் குடித்தவர்களின் கதி என்ன என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வங்கத்துக் கிணறுகளுள் லிட்டருக்கு 500 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் காணப்பட்டவை உண்டு. வெயிலில் வேலை செய்து நாள் ஒன்றுக்கு நாலு லிட்டர் நீர் பருகும் ஓர் உழவர் அத்தகைய கிணற்றை நம்பி வாழ்ந்தாரானால், ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம் ஆர்சனிக் அவர் உடம்பினுள் செல்கிறது. நூறு நாளில் அது 200 மில்லிகிராம் ஆகிறது. ஒரே வேளையில் உட்கொண்டால் பிராணனைப் போக்கக்கூடிய அளவு அது. ஆயினும் அவர் சாவதில்லை, வாந்தி எடுப்பதுமில்லை, மறுநாளும் அதே நீரைக் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறார். ஏனெனில், சரீரம் தன்னுள் வந்த விஷத்தின் பெரும்பகுதியைச் சில தினங்களுக்குள் சிறுநீரில் கழித்துவிடுகிறது. கழிக்க முடியாமல் தங்கும் மிச்சமும், கழிப்பதற்குப் படும் பாட்டிலே சரீரம் அடையும் சேதமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதே நமது விசாரணை.

இந்தத் துயரம் ஒரு நற்காரியத்திலே தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வங்கத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குளத்து நீரையும், ஆற்று நீரையும், கேணி நீரையும் குடித்து வந்தவர்கள். குளிப்பதும், துணி துவைப்பதும், மாட்டைக் கழுவுவதும் அதே குளத்தில்தான். பேதியும் காலராவும் ஆண்டுதோறும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1970-களில், விடுதலை யுத்தத்தின் காயம் ஆறாதிருந்த பங்களாதேஷில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃபும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து, கிருமியில்லாத நிலத்தடி நீரை மக்களுக்குத் தருவது என்று தீர்மானித்துக் குழாய்க் கிணறுகளை இறக்கத் தொடங்கின. செலவு குறைவாயிருந்தபடியால், சில வருஷங்களுக்குள் ஜனங்கள் தாங்களே கைக்காசு போட்டுக் கிணறு இறக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மகளைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில் சொந்தக் குழாய் இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு அது குடும்பத்தின் கௌரவப் பொருளாகவும் ஆகிவிட்டது.

அந்தக் கிணறு இறக்கும் தொழிலைச் சற்றே அருகிலிருந்து பார்ப்பது பிரயோஜனமானது. பெரிய யந்திரம் எதுவும் அங்கே கிடையாது. மூங்கிலால் ஒரு சாரம். அதில் கட்டித் தொங்கவிட்ட ஓர் இரும்புக் குழாய். குழாயை நீண்ட மூங்கில் நெம்புகோலால் ஏற்றி இறக்க இரண்டு மூன்று பேர். சாரத்தின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து, குழாய் மேலே எழும்போது அதன் வாயைத் தம் உள்ளங்கையால் அழுத்தி மூடுகிறார். கீழே இறங்கும்போது கையை எடுக்கிறார். மூடும்போது உள்ளே உறிஞ்சல் உண்டாகி, அடிமண் சேறாகக் குழாயினுள் ஏறுகிறது. திறக்கும்போது அது வாய்வழியே பீறிட்டு வெளியே விழுகிறது. மூடுவதும் திறப்பதுமாக அந்த உள்ளங்கையே அங்கே வால்வு. வண்டல் மண்ணாதலால், கல் தட்டுவது என்பதே இல்லை. ஒரே நாளில் கிணறு ஒன்று தயாராகிவிடும். வெளியே விழும் சேறு ஓரிடத்தில் கருஞ்சாம்பலாகவும், வேறோரிடத்தில் செம்மண் நிறமாகவும் இருப்பதை அந்தத் தொழிலாளர்கள் தினமும் கண்டார்கள். அந்த நிற வேற்றுமையிலே எத்தகைய பொருள் அடங்கியிருந்தது என்பது அன்று எவருக்கும் தெரியாது. அதைப் பின்னால் காண்போம்.

1990-களில் இவ்விதக் கிணறுகள் பல இலட்சங்களாகப் பெருகியிருந்தன. நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு நல்ல குடிநீர் தருவது என்று யூனிசெஃப் வைத்திருந்த லட்சியம், குறித்த காலத்துக்கு முன்பே நிறைவேறிவிட்டதாக 1997-இல் கணக்கும் சொல்லப்பட்டது. கிருமிகளைப் பொறுத்தமட்டில் அந்த நீர் நல்ல நீர்தான். அந்த வகையில் அது உயிர்களைக் காத்ததும் உண்மை. ஆனால், அக்காலத்தில் வழக்கமாகச் செய்யப்பட்ட நீர்ப் பரிசோதனைகளிலே ஆர்சனிக்குக்கு இடம் இல்லை. தேடாத பொருள் அகப்படவில்லை.

அகப்பட்டது எங்கே என்றால், சோதனைச்சாலையில் அன்று, ஒரு வைத்தியரின் கண்ணிலே. 1983-இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் தோல் நோய்களைப் பார்த்துவந்த டாக்டர் கே. சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் மார்பிலும் கைகளிலும் கண்ட அடையாளங்களை ஆர்சனிக் விஷத்தின் அடையாளங்கள் என்று கண்டறிந்தார். 1987-க்குள், எல்லைக்கு அப்பாலிருந்து, அதாவது பங்களாதேஷிலிருந்து வந்த நோயாளிகளும் அவரிடத்தில் தென்பட்டார்கள். 1988 முதல் ஜாதவ்பூர் சர்வகலாசாலையின் ரசாயன விஞ்ஞானியான தீபங்கர் சக்ரவர்த்தி கிராமம் கிராமமாகச் சென்று, நீரையும் தலைமயிரையும் நகத்தையும் சேகரித்து ஆராய்ந்து, கண்டதை உரத்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். பங்களாதேஷ் அரசாங்கத்தின் பொறியியல் துறை தன் நாட்டில், சபாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில், முதன்முதலாக ஆர்சனிக்கைக் கண்டது 1993-இல். ஒரே மண், ஒரே நதி, ஒரே மொழி. இடையே ஓர் எல்லைக் கோடு. அந்தக் கோட்டைச் செய்தி கடப்பதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின. கிணறு இறக்கியவர்களை நான் குறை கூற மாட்டேன். அவர்கள் குழந்தைகளைக் காக்க எண்ணியவர்கள். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில், அடையாளம் தெரிந்த பிறகும், தொடர்ந்து இறக்கப்பட்ட கிணறுகளுக்குச் சமாதானம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

2000-ஆம் ஆண்டில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஆலன் ஸ்மித் என்பவரும் அவருடைய துணைவர்களும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், அந்நாட்டின் பன்னிரண்டரைக் கோடி மக்களுள் மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது இலட்சம் வரையில் இந்த அபாயத்துக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்றும், சரித்திரத்திலேயே ஒரு ஜனசமூகம் இத்துணைப் பெரிய அளவில் விஷத்துக்கு உள்ளானது இதுவே முதல் முறை என்றும் கணித்தார்கள்.

இத்தனை விஷம் எங்கிருந்து வந்தது? தொழிற்சாலைக் கழிவன்று, உரமன்று, பூச்சி மருந்தன்று. அது இமயமலையிலிருந்து வந்தது. மலைப்பாறைகள் உதிர்ந்து மணலாகி, ஆறுகளோடு உருண்டு வரும்போது, ஒவ்வொரு மணற்பரலின்மேலும் இரும்புத்துரு மெல்லிய தோல்போலப் படிகிறது. துருவுக்கு ஆர்சனிக்கைத் தன்னோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. அந்தப் பிடி விடாதவரையில் தீங்கில்லை. ஆனால் வங்கத்து டெல்டாவில் கடந்த சுமார் பதினாயிரம் ஆண்டுகளுக்குள் படிந்த வண்டலில், மணலோடு மணலாக இலையும் தழையும் செத்தையும் ஏராளமாகப் புதைந்து கிடக்கின்றன. அவை மட்கும்போது அந்த ஆழத்திலுள்ள பிராணவாயு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. பிராணவாயு இல்லாத இடத்திலும் ஜீவிக்க வல்ல சில பாக்டீரியாக்கள், நாம் காற்றைக் கொண்டு சுவாசிப்பதுபோல, இரும்புத்துருவைக் கொண்டு சுவாசிக்கின்றன. அவை சுவாசிக்கச் சுவாசிக்கத் துரு கரைகிறது. துரு கரையவே, அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் நீரில் விடுபடுகிறது. 1998 முதல் வெளிவந்த ஆராய்ச்சிகள் இந்த விளக்கத்தையே மேன்மேலும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

இதை அறிந்துகொண்டால் பல புதிர்கள் தாமே அவிழ்ந்துவிடும். திறந்த கேணியிலும் குளத்திலும் காற்றுப் படுவதால், அங்கே துரு கரைவதில்லை. ஆகவே நோய்க்கிருமி நிறைந்த குளத்து நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் இல்லை. சாதாரணமாக 150 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் உள்ள பழைய படிவுகளிலும் அது அரிது: பிரிட்டிஷ் பூதத்துவ நிறுவனமும் பங்களாதேஷ் அரசும் சேர்ந்து 3,500-க்கு மேற்பட்ட கிணறுகளைச் சோதித்து 2001-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆழம் குறைந்த கிணறுகளுள் நூற்றுக்கு 27, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டின, ஆழமான கிணறுகளிலோ நூற்றுக்கு ஒன்றுதான். மூங்கில் சாரத்தின்மேல் இருந்தவர் கண்ட சேற்றின் நிறத்துக்கும் இப்போது பொருள் விளங்குகிறது. செம்மண் நிறம் என்றால் துரு இன்னும் பரலின்மேல் இருக்கிறது, ஆர்சனிக்கும் கட்டுண்டு கிடக்கிறது என்று அர்த்தம். கருஞ்சாம்பல் என்றால் துரு கரைந்துவிட்டது என்று அர்த்தம். இன்று அந்தத் தொழிலாளர்களில் பலர் இதை அறிந்து, செம்மணல் அகப்படும் ஆழத்தில் குழாயை நிறுத்துகிறார்கள். ரசாயனப் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது. ஆயினும், தொழிலாளியின் கண்ணும் விஞ்ஞானியின் கருத்தும் ஒன்றுகூடிய இடமாதலால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, சரீரத்தினுள் சென்ற ஆர்சனிக் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒரு வடிவம் பாஸ்பேட் என்ற இன்றியமையாத உப்பைப்போல வேஷம் போட்டு, உயிரணுக்களில் பாஸ்பேட் புகவேண்டிய இடத்தில் தான் புகுந்து, உடம்பு சக்தியைச் சேமிக்கும் ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. அதனினும் கொடிய மற்றொரு வடிவம், கந்தகம் உள்ள இடங்களைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. ஜீவக் கிரியைகளை நடத்திவைக்கும் என்ஸைம்கள் பலவற்றிலே கந்தகமே கைப்பிடி போன்றது. கைப்பிடியை வேறொருவன் பற்றிக்கொண்டபின் கருவி வேலை செய்வது எங்ஙனம்? கல்லீரல் இந்த விஷத்தோடு மீதைல் என்னும் கரித்தொகுதியைச் சேர்த்துச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. அந்தத் தொகுதியைத் தயாரிப்பதற்குக் கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் என்ற சத்து வேண்டும். பங்களாதேஷில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுடைய இரத்தத்தில் ஆர்சனிக் குறைந்தது தெரியவந்தது. வயிறாரச் சத்துள்ள உணவு உண்பவனைவிட, வெறும் சோற்றை உண்பவனையே இந்த நீர் அதிகமாக வாட்டுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏழைமை நோயைத் தருகிறது என்று நாம் பொதுப்படையாகச் சொல்வதன் ரசாயனம் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

கேசத்திலும் நகத்திலும் தோலிலும் உள்ள கெரட்டின் என்ற பொருளில் கந்தகம் மிகுதி. எனவே ஆர்சனிக் அங்கே தங்குகிறது. ஒருவரின் நகத்துண்டை ஆராய்ந்தே அவர் சென்ற மாதங்களில் என்ன நீர் குடித்தார் என்று சொல்லிவிட முடிகிறது. நோயின் முதல் அடையாளங்களும் தோலில்தான் தோன்றுகின்றன. அதுவும் குடிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள், பலருக்குப் பத்து ஆண்டுகள் சென்ற பிறகு. முதலில் மார்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகளும், அவற்றினிடையே வெளுத்த புள்ளிகளும் காணும். புழுதி படிந்த தெருவில் தூறல் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி. வைத்தியர்களே இதை மழைத்துளி அடையாளம் என்றுதான் வழங்குகிறார்கள். அடுத்தாற்போல, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடிக்கிறது. தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் வருடிப் பார்த்தால், தோலுக்கடியில் கேழ்வரகு மணிகள் பரப்பியதுபோல் நெருடும். நாளடைவில் அவை மிளகளவு பருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வெடிக்கின்றன. வெடிப்பில் சேறு புகுந்து புண்ணாகிறது. அரிவாளின் பிடியை அந்தக் கை பற்ற மாட்டாது. வரப்பின்மேல் அந்தக் கால் ஊன்ற மாட்டாது. குழாயின் வாயை மூடித் திறந்து நீரை வரவழைத்த உள்ளங்கை எதுவோ, அதே உள்ளங்கையில் இந்த நோய் வந்து இறங்குகிறது.

இது தொற்றுநோய் அன்று. ஒருவரைத் தொடுவதாலோ, அவர் உண்ட கலத்தில் உண்பதாலோ வருவதில்லை. ஆயினும், குஷ்டமோ என்று அஞ்சி, உற்றாரே ஒதுங்கிய குடும்பங்கள் அநேகம். புள்ளி கண்ட பெண்ணை மணக்க ஒருவரும் முன்வருவதில்லை. மணமானவள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். விஷம் செய்த தீங்கோடு மனிதர் செய்த தீங்கும் சேர்ந்துகொண்டது. முந்தியதற்கு ரசாயனம் காரணம். பிந்தியதற்கு அறியாமை காரணம். அறியாமையைப் போக்குவது புத்தகம் எழுதுகிறவன் கடமையாதலால், இதை நான் மீண்டும் சொல்லுகிறேன்: இந்த நோய் ஒட்டாது.

தோலோடு நிற்குமானால் ஒருவாறு பொறுக்கலாம். ஆனால் அது நிற்பதில்லை. லண்டனில் ஜோனதன் ஹட்சின்ஸன் என்ற வைத்தியர் 1880-களின் பிற்பகுதியிலேயே, ஆர்சனிக்கை மருந்தாக நெடுநாள் உட்கொண்டவர்களுக்குத் தோலில் புற்று உண்டாவதைக் கவனித்து எழுதினார். அக்காலத்தில் ஆர்சனிக் கலந்த ஃபௌலர் திராவகம் பற்பல வியாதிகளுக்கு வழங்கப்பட்டு வந்தது. 1786 முதல் பிரசித்தமான மருந்து அது. ஆனால் உள்ளுறுப்புகளில் என்ன நேர்கிறது என்பதை உலகம் தெளிவாக அறிந்துகொண்டது, வங்கத்துக்கு ஏறக்குறைய நேர் எதிர்ப்புறத்தில், தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்து அந்தோஃபகஸ்தா நகரத்தில்.

அந்த நகரம் அத்தகாமா பாலைவனத்தின் கரையில் இருக்கிறது. மழை என்பதே அபூர்வம், கிணறு இல்லை, குளம் இல்லை. எல்லா வீடுகளுக்கும் நகரசபைக் குழாய் ஒன்றே கதி. 1958-இல், பெருகிவந்த ஜனத்தொகைக்காக, மலையிலிருந்து தொகோன்சே என்னும் நதியின் நீரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதன்பின் நகரத்துக் குடிநீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 860 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருந்தது. குழந்தைகளின் தோலில் அடையாளங்கள் கண்டு, காரணம் அறிந்து, 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தபின் அளவு சட்டென்று குறைந்துவிட்டது. ஆக, ஓர் ஊர் முழுவதும், செல்வர் வறியர் என்ற பேதமின்றி, குறிப்பிட்ட ஒரு நாளில் விஷம் குடிக்கத் தொடங்கி, குறிப்பிட்ட ஒரு காலத்தில் நிறுத்தியது. எந்த விஞ்ஞானியும் செய்யத் துணியாத, செய்யக்கூடாத ஒரு பரீட்சை அங்கே தானாகவே நடந்துவிட்டது. பின்னர் மரணப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். விஷ நீர் நின்ற பிறகும் நுரையீரல் புற்றினாலும் மூத்திரப்பைப் புற்றினாலும் நேர்ந்த மரணங்கள் ஏறிக்கொண்டே சென்று, 1990-களில்தான் உச்சத்தை அடைந்தன. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தாயின் கருப்பையில் இருந்தவர்களும், மடியில் இருந்தவர்களும், முப்பது நாற்பது வயதில் நுரையீரல் நோயால் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மாண்டார்கள். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு கழித்து வட்டியோடு வசூலிக்கும் கடன்காரனைப் போன்றது இந்த விஷம். இன்று குழாயை மூடினாலும் நேற்றுக் குடித்ததற்குக் கணக்கு உண்டு.

தைவான் தீவின் தென்மேற்குக் கரையில், கால் விரல்களுக்கு இரத்தம் செல்லாமல் அவை கறுத்து அழுகிப்போகும் கருங்கால் நோய் இதே காரணத்தால் வந்ததையும், 1968-இல் அங்கே நாற்பதாயிரம் பேரைச் சோதித்து எழுதிய ஆராய்ச்சியையும் இங்கே பெயரளவில் குறிப்பிட்டு மேலே செல்வோம். இருதய நோய், நீரிழிவு ஆகியவற்றோடும் ஆர்சனிக் தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. டாக்காவுக்குச் சற்றுக் கிழக்கேயுள்ள அராய்ஹசார் என்னும் பகுதியில், கொலம்பியா சர்வகலாசாலையாரும் பிறரும் 2000-ஆம் ஆண்டு முதல் சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அங்கே நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக் நீரோடு தொடர்புடையது என்று 2010-இல் வெளியிட்டார்கள். அதே பகுதியில் பத்து வயதுக் குழந்தைகளைப் பரீட்சித்தபோது, அதிக ஆர்சனிக் உள்ள நீரைக் குடித்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். தோலில் புள்ளி எதுவும் தெரியாத குழந்தையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் நோயாளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது போதாது.

கண்ணும் நாவும் மூக்கும் அறிய மாட்டாத ஒன்றை அறிவது எப்படி? அந்த உபாயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1830-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், பாட்டனாருக்கு விஷமிட்டதாக ஓர் இளைஞன்மேல் வழக்கு வந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயனி ஆர்சனிக் இருந்ததைக் கண்டுபிடித்தும், சான்றாக அவர் எடுத்துவைத்த மஞ்சள் படிவு ஜூரிகள் பார்ப்பதற்குள் கெட்டுப்போகவே, இளைஞன் விடுதலையானான். அந்த மனக்குறையினால் மார்ஷ் சில ஆண்டுகள் உழைத்து 1836-இல் ஒரு முறையை வெளியிட்டார்: துத்தநாகமும் அமிலமும் சேர்ந்தால் எழும் வாயு, நீரிலுள்ள ஆர்சனிக்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மேலே வரும், அதை மேலே பிடித்துக்கொள்ள வேண்டும். கொலைகாரர்களைப் பிடிப்பதற்காகப் பிறந்த அந்த முறையின் சந்ததிதான், இன்று வங்கத்து முற்றங்களில் கிணறுகளைச் சோதிக்கும் சிறு பெட்டி.

ஒரு சிறு புட்டியில் கிணற்று நீரைப் பிடிக்கிறார்கள். அதில் அமிலப்பொடியையும் துத்தநாகப்பொடியையும் போடுகிறார்கள். நீர் நுரைத்துப் பொங்குகிறது. புட்டியின் மூடியில், பாதரச உப்புத் தோய்த்த வெள்ளைக் காகிதத் துணுக்கு ஒன்று செருகியிருக்கிறது. மூடியை இறுக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அரைமணிக்கும் குறைவான நேரம். வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். மூடியைத் திறந்து காகிதத்தை எடுத்து, பெட்டியோடு வந்த வர்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் நன்று. இளமஞ்சள், அடர்ந்த மஞ்சள், பழுப்பு என்று நிறம் ஏற ஏற, அந்த வீட்டார் இத்தனை வருஷமாகக் குடித்தது என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கம் இவ்வாறு சுமார் ஐம்பது இலட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்ல நீர் தரும் குழாயின் வாயில் பச்சையும், கெட்ட நீர் தருவதில் சிவப்பும் தீட்டிற்று. சிவப்பு விழுந்தவை ஏறத்தாழ பதினாலு இலட்சம். எழுதப்படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் விளங்கும் இந்த ஏற்பாட்டை மெச்சத்தான் வேண்டும். ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அந்நாட்டுச் சட்டத்தின் எல்லை இன்றும் 50 மைக்ரோகிராம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லையைப்போல் 10 அன்று. ஆகவே பச்சை என்பது அபாயம் இல்லை என்று பொருள்படாது. அபாயம் குறைவு என்றே பொருள்படும்.

ஆறுதல் தரும் விஷயம் ஒன்று உண்டு. இந்த விஷம் ஊருக்கு ஊர் சமமாகப் பரவியிருப்பதன்று. ஒரு வீட்டுக் கிணறு சிவப்பு, அடுத்த வீட்டுக் கிணறு பச்சை என்பதாக, பத்தடி இருபதடியில் மாறுபடும். அராய்ஹசாரில் ஆறாயிரம் கிணறுகளைச் சோதித்தவர்கள், ஜனங்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேருக்கு நூறு மீட்டர் தூரத்துக்குள் ஒரு நல்ல கிணறு இருப்பதைக் கண்டார்கள். அங்கே சிவப்புக் கிணறு உடையவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், செய்தி தெரிந்தபின் வேறு கிணற்றுக்கு மாறியும் விட்டார்கள். பணமும் யந்திரமும் செய்யாத காரியத்தை ஒரு சொல்லும் அண்டை வீட்டாரின் நல்ல மனமும் செய்தன. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பிறர் முற்றத்துக்குள் நாள்தோறும் நுழைவது பெண்களுக்கு எளிதன்று. அந்தக் கூச்சத்தை வென்று சென்றவர்களும், வந்தவர்களை முகம் கோணாமல் வரவேற்றவர்களுமே இந்த வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் காத்தவர்கள் என்று நான் கருதுகிறேன்.

இரும்புத்துகளையும் மணலையும் அடுக்கி ஆர்சனிக்கைப் பிடிக்கும் வடிகட்டிகளும் வந்தன. அவற்றுள் அபுல் ஹுஸாம் என்ற விஞ்ஞானி அமைத்த சோனோ வடிகட்டிக்கு 2007-இல் அமெரிக்காவில் பத்து இலட்சம் டாலர் பரிசு கிடைத்தது. வடிகட்டி நல்லதே, ஆனால் அதைக் காலந்தோறும் பேணுவதற்கு ஒருவர் வேண்டும். அரசாங்கம் இறக்கிய ஆழ்கிணறுகள் இன்னும் நல்லவை. ஆனால் அவற்றுள் பல, வேண்டியவர்களின் வீட்டு வேலிக்குள் போய்ச் சேர்ந்தன என்று 2016-இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் ஸ்தாபனம் விரிவாக எழுதியது. விஷம் கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் 50 மைக்ரோகிராமைத் தாண்டிய நீரையே குடித்துவந்தார்கள் என்றும் அதே அறிக்கை சொல்லிற்று. 1992-இல் கிணறுகளைச் சோதித்தும் ஆர்சனிக்கைத் தேடாது விட்ட ஆங்கில நிறுவனத்தின்மேல், நோயுற்ற ஒரு கிராமவாசி லண்டனில் வழக்குத் தொடுத்தார். அந்த நிறுவனத்துக்கு அவர்பால் சட்டப்படியான கடமை எதுவும் இல்லை என்று 2006-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் அப்படி இருக்கலாம். எனக்கு அந்தத் தீர்ப்பு நிறைவு தரவில்லை. நீரைச் சோதித்து அறிக்கை எழுதுகிறவன், அதை நம்பிக் குடிப்பவனுக்குக் கடமைப்பட்டவன் அல்லன் என்றால், பின் யாருக்குக் கடமைப்பட்டவன்?

மேற்கு வங்கத்தோடும் பங்களாதேஷோடும் இது நிற்கவில்லை. பீகாரில் போஜ்பூர் மாவட்டத்திலும், உத்தரப் பிரதேசத்தில் பலியாவிலும், நேபாளத்தின் தராய் நிலத்திலும், வியட்நாமின் செந்நதிச் சமவெளியிலும், கம்போடியாவின் மீகாங் கரையிலும், இதே வண்டலில் இதே விஷம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எங்கெல்லாம் தேடினார்களோ அங்கெல்லாம், தேடிய பிறகே தெரிந்தது.

அன்று தீட்டிய சிவப்பும் பச்சையும் வெயிலிலும் மழையிலும் மங்கி, இன்று எந்தக் குழாய் எது என்று தெரியாதபடி உதிர்ந்துவிட்டன. பழைய குழாய்கள் பல பழுதாகிப் போயின. அவற்றின் இடத்தில் ஜனங்கள் தங்கள் செலவில் புதியவற்றை இறக்கிக்கொண்டார்கள். மூங்கில் சாரம் கட்டி, உள்ளங்கையால் குழாயின் வாயை மூடித் திறந்து, ஒரே நாளில் இறக்கப்படும் அந்தப் புதுக் கிணறுகளுள் எண்ணற்றவற்றின் நீரை, அந்தப் புட்டியிலே ஒரு தரமாவது பிடித்துப் பார்த்தவர் எவரும் இல்லை.